சாரன் கட்டமும் கணினி ஆட்டமும்

கல்முனைப் பக்கம் லெப்டொப் விற்கும் கடைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று: "இதுல கேம் ஓடுமா?" லெப்டொப் வாங்குவது என்னவோ படிப்புக்காகத்தான். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளைக்கு, அல்லது வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கு. 2022இல் டொலரின் விலை சில மாதங்களுக்குள் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய பிறகு, நற்பிட்டிமுனை போன்ற ஊர்களில் பல வீடுகளுக்குப் புது லெப்டொப் என்பது தள்ளிப்போடும் செலவாகிவிட்டது. கட்டாரிலிருந்து மச்சான் கொண்டுவந்த பழையதோ, படிப்புக்கு மட்டும் போதுமான புதியதோதான் மேசையில் இருக்கும். அதில் கேம் ஓடுமா என்று கேட்டால் ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் வரும். பேச்சும் அத்தோடு முடிந்துவிடும். ரசிகர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த ஆட்டத்தைச் செய்தவர் தன் உழைப்பை எங்கே கொட்டியிருக்கிறார்? இப்படிக் கேட்கப் பழகினால், வலுக் குறைந்த லெப்டொப்பில் நன்றாக ஓடும் ஆட்டங்களைத் தேடுவது, நல்ல ஆட்டங்களைத் தேடுவதற்கு மிக நெருங்கிய வேலையாகிவிடும்.

முதலில் இயந்திரத்தின் பாடு என்னவென்று பார்ப்போம். தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லாத லெப்டொப்பில் படம் வரையும் பகுதி புரொசஸருக்குள்ளேயே ஒண்டுக்குடித்தனம் இருக்கிறது. அதற்கென்று சொந்த நினைவகம் கிடையாது. ரேமில் விண்டோஸும் பிரவுசரும் எடுத்தது போக மிஞ்சியதில்தான் அது பங்கு கேட்க வேண்டும். 1366க்கு 768 என்ற அளவுள்ள திரையில் சுமார் பத்தரை இலட்சம் புள்ளிகள். 1920க்கு 1080 என்றால் இருபது இலட்சத்துக்கும் மேல். வினாடிக்கு 30 படம் காட்ட வேண்டுமானால் இத்தனை புள்ளிக்கும் 33 மில்லிசெக்கனுக்குள் நிறம் தீர்மானித்தாக வேண்டும். அதற்குள் முடியாவிட்டால் ஆட்டம் இழுக்கும். இதோடு வெப்பமும் சேர்கிறது. சூடு ஏறினால் புரொசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைக்கும். முதல் பத்து நிமிடம் ஒழுங்காக ஓடிய கேம் பிறகு திணறுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மின்விசிறியில்லாத அறையில், மெத்தைமேல் லெப்டொப்பை வைத்தால் கீழேயுள்ள காற்றுத் துளைகளும் அடைபட்டுவிடும். மேசையில் வைப்பதற்குக் காசு வேண்டாம். ரேம் ஒரே துண்டாக இருந்து இன்னோர் இடம் காலியாக இருந்தால், அதே அளவில் இன்னொரு துண்டு போடுவது கைக்கு எட்டிய மேம்பாடு: நினைவகத்துக்குப் பாதை இரண்டாகும், படம் வரையும் பகுதியும் மூச்சு விடும்.

இனி ஆட்டத்தின் பக்கம். நற்பிட்டிமுனையிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரத்திலுள்ள மருதமுனை, கைத்தறிக்குப் பெயர்போன ஊர். அங்கே நெய்யும் கட்டச் சாரன் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அந்தக் கட்டங்களை யாரும் துணிமேல் வரையவில்லை. பாவில் எந்த நிற நூலுக்குப் பக்கத்தில் எந்த நிறம், ஊடையில் எத்தனை இழைக்கு ஒருமுறை நிறம் மாறுகிறது என்ற ஒழுங்குதான் கட்டமாகிறது. அதனால் சாரனைப் புரட்டினாலும் கட்டம் அப்படியே இருக்கும். அச்சடித்த துணியைப் புரட்டினால் பின்பக்கம் வெளிறிக் கிடக்கும். கணினி ஆட்டங்களிலும் இந்த இரண்டு சாதி உண்டு. சிலவற்றில் அழகு மேலே அச்சடித்தது. நிழல், நீரின் மினுக்கம், தலைமுடியின் அசைவு எல்லாம் ஆட்டத்தின் மேற்பரப்பில் கிடக்கின்றன. வேறு சிலவற்றில் அழகு நெய்தது. விதிகளும் படமும் ஒரே இழையில் ஓடுகின்றன. எளிய லெப்டொப்பில் முதல் வகை வெளிறிப் போகும். இரண்டாவது வகைக்கு இழப்பதற்கு அதிகம் இல்லை.

இந்த நெசவு கணினி ஆட்டத்தின் தொடக்கத்திலேயே இருந்தது. 1978இல் வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தில் எதிரிகள் குறையக் குறைய மிஞ்சியவர்கள் வேகமாக நகர்வார்கள். அதை உருவாக்கிய டொமொஹிரோ நிஷிகாடோ முதலில் திட்டமிட்ட ஒன்றல்ல அது. திரையில் உருவங்கள் குறைந்தால் வரையும் சுமை குறைகிறது, இயந்திரம் வேகமாகிறது, அவ்வளவுதான். அந்தப் பலவீனத்தை அவர் திருத்தாமல் விட்டார். கடைசி எதிரியைத் துரத்தும் பதற்றம் அதிலிருந்து பிறந்தது. 1984இல் மொஸ்கோவில் அலெக்ஸி பாஜிட்னோவ் 'டெட்ரிஸ்' எழுதிய கணினிக்குப் படம் வரையவே தெரியாது. அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் கட்டிகளைக் காட்டினார். 1985இன் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' முழுவதும் 40 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வந்து விழும் ஒரு கல்யாணப் படம் பெரும்பாலும் அதைவிடப் பெரியது. அதில் வானத்து மேகத்தையும் தரையிலுள்ள பற்றையையும் உற்றுப் பாருங்கள்: இரண்டும் ஒரே உருவம், நிறம் மட்டும் வேறு. ஒரே நூலை இரண்டு இடத்தில் வேறு வேறாகத் தெரியவைக்கும் நெசவாளியின் கெட்டித்தனம் அது. இதைக் கண்டுபிடித்துச் சிரிக்கத் தெரிந்துவிட்டால் ரசனை தொடங்கிவிட்டது.

பழைய கதை போதும் என்றால், 2013இல் லூகாஸ் போப் தனியாளாகச் செய்த 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' ஆட்டத்தைக் கிட்ட நின்று பார்ப்போம். கற்பனை நாடொன்று, ஆண்டு 1982. நீங்கள் எல்லையில் உட்கார்ந்திருக்கும் குடிவரவு அதிகாரி. சன்னலில் ஒருவர் வருவார், கடவுச்சீட்டை நீட்டுவார். பெயர், திகதி, படம், முத்திரை எல்லாம் சரியா என்று பார்த்து அனுமதிக்க வேண்டும், அல்லது திருப்பி அனுப்ப வேண்டும். எத்தனை பேரைப் பார்க்கிறீர்களோ அத்தனை பேருக்குத்தான் கூலி. மாலையில் வாடகை, சாப்பாடு, மருந்து என்று அந்தக் கூலி கரையும். படம் மங்கலான புள்ளிகளால் ஆனது; லெப்டொப்புக்கு அது ஒரு பாரமே இல்லை. ஆனால் மேசையைக் கவனியுங்கள். போப் அதை வேண்டுமென்றே சிறியதாக வைத்திருக்கிறார். நாளுக்கு நாள் புதுப் பத்திரங்கள் கேட்கப்படும், ஒன்றின்மேல் ஒன்று குவியும், கீழே கிடப்பதைத் தேடும்போது நேரம் ஓடும். ஒருநாள் ஒரு கணவர் சரியான பத்திரங்களோடு கடந்துபோவார். அடுத்து வரும் மனைவியிடம் ஒரு பத்திரம் குறையும். விட்டால் விதி மீறல், விடாவிட்டால் குடும்பம் பிரியும். யுத்தம் முடிந்த 2009 வரை சோதனைச்சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டி நின்ற தலைமுறைக்கு இந்தச் சன்னலின் வெளிப்பக்கம் நன்றாகத் தெரியும். உள்பக்கத்தில் உட்காரவைத்து, அந்த மனிதன் ஏன் முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்க்கிறான் என்று இந்த ஆட்டம் காட்டுகிறது. அதற்குப் பளபளக்கும் படம் தேவைப்படவில்லை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒன்று: உடற்சோதனைக் காட்சிகளில் வரும் நிர்வாணத்தை அமைப்புப் பகுதியில் நிறுத்திவிடலாம்.

இன்னொன்று நம் மொழிக்கே உரியது. டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா', 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. ஆட்டம் முழுக்கச் சமையல். அம்மாவின் சமையல் குறிப்பேடு கறைபட்டுக் கிழிந்திருக்கிறது. எழுத்து அழிந்த இடத்தை ஆடுபவர் ஊகித்து நிரப்ப வேண்டும். முதல் சமையல் இட்லி. மாவு ஊற்றிய தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாவற்றுக்கும் ஏறும் என்பதுதான் புதிர். அடுப்படிக்குப் போகாதவர்கூட அங்கே ஒரு கணம் நின்று யோசிப்பார். தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது எது அழிகிறது, எதை ஊகத்தால் மீட்கலாம் என்ற கதையின் கேள்வியும், அந்தப் புதிரும் ஒன்றே. கையால் வரைந்தது போன்ற தட்டைப் படங்கள், நல்ல இசை, ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும் நீளம். உழைப்பைச் செலவழித்த இடம் எதுவென்று சொல்லத் தேவையில்லை.

இதெல்லாம் வசதியில்லாதவன் தேற்றிக்கொள்ளச் சொல்லும் கதை, எட்டாத பழம் புளிக்கும் என்பது போல, என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான ஐயம்தான். ஆனால் வசதியுள்ளவர்களே கொடுத்த விருதுகள் வேறு சாட்சி சொல்கின்றன. 2023இல் பிரிட்டனின் பாஃப்டா சிறந்த ஆட்டம் என்று தேர்ந்தது, மிகப் பெரிய நிறுவனங்களின் 'எல்டன் ரிங்', 'காட் ஒஃப் வார் ரக்னரொக்' இரண்டையும் விட்டுவிட்டு, பழைய கணினியிலும் ஓடும் 'வம்பையர் சர்வைவர்ஸ்' ஆட்டத்தை. அடுத்த ஆண்டு அறிமுக ஆட்டத்துக்கான பாஃப்டா 'வெண்பா'வுக்குப் போனது. எரிக் பரோன் தனியாளாகப் படமும் இசையும் நிரலும் செய்து 2016இல் வெளியிட்ட விவசாய ஆட்டமான 'ஸ்டார்டியூ வேலி' கேட்பது 2 ஜிபி ரேமும் 500 எம்பி இடமும்தான். இழப்பே இல்லை என்று சொல்லவும் முடியாது. மலைமேல் ஏறி நின்று கண்ணுக்கெட்டிய தூரம் வரை நடந்து போகக்கூடிய உலகம், நடிகரின் முகத்தசை துடிப்பது வரை தெரியும் காட்சி, இவை வலுவான இயந்திரத்தில்தான் கிடைக்கும். அவையும் கலைதான். அவை மட்டுமே கலை என்ற எண்ணத்தைத்தான் கழற்றிவைக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த மறுப்பு: பெரிய கேமையே எடுத்து அமைப்பையெல்லாம் கீழே இறக்கி ஆடினால் என்ன? ஆடலாம், சாரனைப் புரட்டிப் பார்க்கும் சோதனைக்கு அது நிற்குமானால். முதலில் நிழலின் தரத்தைக் குறையுங்கள், பிறகு திரை அளவை. அதன் பிறகும் தூரத்தில் வருபவன் நண்பனா எதிரியா என்று தெரிகிறதா, எழுத்து வாசிக்க முடிகிறதா? முடிந்தால் அது நெய்த ஆட்டம். முடியாவிட்டால் அச்சுப்போன துணியைக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இந்தச் சோதனையில் வயது ஒரு நல்ல வடிகட்டி. 2004இன் 'ஹாஃப்-லைஃப் 2', 2007இன் 'போர்ட்டல்' போன்றவை அன்றைக்குக் கனமானவை. இன்றைய சாதாரண லெப்டொப்புக்கு அவை இலேசு, அமைப்பில் எதையும் வெட்டவும் தேவையில்லை. ஆட்டம் பத்து வருடம் பழையதென்றால் அதன் கதை பழசாகிவிடாது. படம் எளிமையானால் ஆட்டமும் இலேசு என்று நினைப்பதும் பிசகு. 'மைன்கிராஃப்ட்' பார்க்கக் கட்டை கட்டையாக இருக்கும், ஆனால் கட்டைகளின் கணக்கு புரொசஸரைப் பிழியும். நகரம் கட்டும் ஆட்டங்கள் தொடக்கத்தில் சுகமாக ஓடி, ஊர் வளர்ந்ததும் திணறும். ஆகவே திரைப்படத்தின் முன்னோட்டம் போலக் கேமின் விளம்பரப் படத்தை நம்பாமல், உங்களிடமுள்ள அதே புரொசஸரில் யாராவது ஆடிக்காட்டும் வீடியோவைத் தேடிப் பாருங்கள். கேம் விற்கும் இணையக் கடையின் பக்கத்தில் 'குறைந்தபட்சம்' என்று போட்டிருப்பது ஆட்டம் திறக்கும் என்பதற்கான உறுதி மட்டுமே. சுகமாக ஆட வேண்டுமானால் 'பரிந்துரை' என்ற வரியைப் பார்க்க வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை வழி அடைபடவில்லை. இணையத்தில் கேம் விற்கும் ஸ்டீம் கடை 2023இன் இறுதியிலிருந்து இலங்கை உள்ளிட்ட தெற்காசிய நாடுகளுக்குத் தனி டொலர் விலைப் பட்டியல் வைத்திருக்கிறது. பல ஆட்டங்கள் அதில் மலிவு. வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணித்தியாலத்துக்குள் என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். எளிய லெப்டொப் வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல பரிசோதனைக் கூடம் இல்லை. காசே வேண்டாம் என்றால் 'பேட்டில் ஃபொர் வெஸ்னொத்', 'ஓப்பன் டிடிடி' போன்ற திறந்த மூல ஆட்டங்கள் முழுமையாக இலவசம், பெரிய கேம்களைவிடத் தரவிறக்கமும் சிறிது, இணையம் இல்லாமலும் ஆடலாம். டேட்டா எண்ணிச் செலவழிக்கும் வீட்டில் இது சின்ன விஷயமல்ல. உடைத்த கேமைப் பென்டிரைவில் வாங்குபவர், கூடவே ஒட்டிவரும் வைரஸுக்கும் இடம் கொடுக்கிறார். படிப்புக்கான கோப்புகளும் அதே லெப்டொப்பில்தான் இருக்கின்றன.

கடைசியாக ஆடும் முறை. முறை மாற்றி முறை ஆடும் ஆட்டங்களை எந்த இடத்திலும் நிறுத்தலாம். பாங்கு கேட்டதும் எழுந்து போகலாம், கரண்ட் போனாலும் பற்றரி தாங்கும், வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதல் அரை மணித்தியாலத்தில் வெல்லப் பார்க்காமல், வேண்டுமென்றே ஒருமுறை தோற்றுப் பாருங்கள். நல்ல ஆட்டம் தோற்றதன் காரணத்தை உங்களுக்கே விளங்கவைக்கும். மற்றது உங்களைத் திரும்பத் தொடங்கச் சொல்லும், அவ்வளவுதான். பிறகு திரையின் ஒளியைக் குறைத்து, இயர்போன் போட்டு, ஒலியை மட்டும் கொஞ்ச நேரம் கவனியுங்கள். 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' ஆட்டத்தில் முத்திரை விழும் அந்த 'டக்' என்ற சத்தத்துக்குள் ஒரு மனிதரின் விதி இருக்கிறது. தோல்வியும் ஒலியும் ஆட்டத்தின் பின்பக்கம். சாரன் வாங்குபவர் புரட்டிப் பார்ப்பது அதைத்தான். புரட்டிய பிறகும் கட்டம் தெரிந்தால் காசைக் கொடுக்கலாம்.