முறை வந்தவர் வலை கட்டட்டும்

பழவேற்காடு ஏரியில் இறால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி படுவதில்லை. முகத்துவாரத்தை ஒட்டி, வற்று நீர் கடலை நோக்கி இழுக்கும் வாட்டத்தில் சில இடங்கள்தான் வாய்ப்பாக அமையும். கம்பு நட்டு வலை கட்ட ஏற்ற அந்த இடங்களுக்குத்தான் போட்டி அதிகம். கோட்டைக்குப்பம் போன்ற பழைய மீனவ ஊர்கள் இதற்குப் ‘பாடு’ முறை வைத்திருக்கின்றன. தலைக்கட்டுக் கணக்கில் பங்கு பிரித்து, சீட்டுக் குலுக்கி, எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுவார்கள். நீரோட்டம் பார்ப்பதில் ஊரிலேயே கெட்டிக்காரராக இருக்கலாம். முறை அவருடையது இல்லையென்றால் அன்று அவர் அந்த இடத்தில் வலை கட்ட முடியாது. முறை வந்தவர் இளையவராக இருந்தால் அன்றைய நீரை அவரே பார்க்க வேண்டும், கம்பை எங்கே நடுவது என்று அவரே முடிவு செய்ய வேண்டும். தப்பினால் ஓர் இரவு இறால் போகும். சுற்று திரும்பும்போது இடம் மறுபடியும் அவருக்குத்தான்.

சென்னை சூப்பர் கிங்ஸ் தலைமையை இரண்டு முறை கைமாற்றிய விதத்தை இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கலாம்.

முதல் முறை 2022 மார்ச் 24. சீசன் தொடங்க இரண்டே நாள் இருக்கும்போது தோனி விலகி, ரவீந்திர ஜடேஜா கேப்டன் ஆனார். எட்டு ஆட்டங்களில் இரண்டே வெற்றி. ஏப்ரல் 30 அன்று பொறுப்பு மீண்டும் தோனியிடமே வந்தது. அந்த எட்டு ஆட்டங்களில் ஜடேஜா எடுத்த ரன்கள் 112, விக்கெட்டுகள் ஐந்து. அணியின் மிகச் சிறந்த ஆல்ரவுண்டரை அந்தச் சுமை எப்படி அழுத்தியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். முதல் இரண்டு ஆட்டங்களில் தான் மேற்பார்வை பார்த்ததாகவும், அதன் பிறகு முடிவுகளை ஜடேஜாவிடமே விட்டுவிட்டதாகவும் தோனி அப்போது சொன்னார். அவர் சொன்னதை நான் முழுமையாக நம்புகிறேன். ஆனால் அவர் நின்ற இடம் ஸ்டம்புக்குப் பின்னால். பந்து போடும் ஒவ்வொரு தடவையும் மொத்தக் களமும் கண்ணுக்கு நேரே விரியும் இடம் அது. பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கும் முன் இயல்பாகவே அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். தோனி கையை அசைக்க வேண்டியதில்லை, சும்மா நின்றாலே போதும். பதினான்கு வருடப் பழக்கம் அந்தப் பார்வையில் இருக்கிறது.

இரண்டாவது முறை 2024 மார்ச் 21, முதல் ஆட்டத்துக்கு முந்தைய நாள். இம்முறை ருதுராஜ் கெய்க்வாட். அந்த சீசனில் அவர் 583 ரன்கள் குவித்தார். கேப்டன் பொறுப்பு பேட்டிங்கைக் கெடுக்கும் என்ற பேச்சுக்கே இடம் வைக்கவில்லை. பதினான்கில் ஏழு வெற்றி. நெட் ரன் ரேட்டில்தான் பிளே ஆஃப் கைநழுவியது. புதிய கேப்டனுக்கு இது நல்ல தொடக்கம், சந்தேகமே வேண்டாம்.

அடுத்த ஆண்டு முழங்கையில் அடிபட்டு, ஐந்து ஆட்டங்களோடு ருதுராஜ் விலக நேர்ந்தது. அணி என்ன செய்தது? தோனியையே மறுபடி கேப்டன் ஆக்கியது. 2025 ஏப்ரல் 11 அன்று சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுக்கு எதிராக ஒன்பது விக்கெட் இழப்புக்கு 103 ரன்கள். 59 பந்துகள் மீதம் இருக்க கொல்கத்தா ஆட்டத்தை முடித்துவிட்டது. சீசன் முடிவில் நான்கே வெற்றி, அட்டவணையில் கடைசி இடம். சென்னை கடைசி இடத்துக்குப் போனது அதுவே முதல் முறை. தோல்விக்குக் காரணம் தோனியின் கேப்டன்சி என்று நான் சொல்லவில்லை. பேட்டிங் வரிசையே தள்ளாடிக்கொண்டிருந்தது. ஆனால் இழக்க எதுவும் இல்லாத அந்த ஒன்பது ஆட்டங்களை ஓர் இளைஞர் கையில் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இடத்தை முழுதாக விட்டுக்கொடுப்பதன் அருமையைத் தோனி அறியாதவர் அல்லர். 2014 டிசம்பர் 30 அன்று, ஆஸ்திரேலியத் தொடர் முடியும் முன்பே, டெஸ்ட் கிரிக்கெட்டை விட்டு அவர் முற்றிலுமாகப் போனார். கேப்டன் பதவியை மட்டும் அல்ல, களத்தையே விட்டார். அதே தொடரின் முதல் டெஸ்டில், அடிலெய்டில், அவர் காயத்தில் இருந்ததால் விராட் கோலி தலைமை தாங்கினார். 364 ரன் இலக்கை டிராவுக்கு ஆடாமல் துரத்தி, 48 ரன்னில் தோற்றார். இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்தும் தோல்வி. அந்தத் தோல்வி முழுக்க முழுக்கக் கோலியின் சொந்த முடிவால் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இந்திய டெஸ்ட் அணி ஆடிய துணிச்சலான ஆட்டத்துக்கு விதை அங்கேதான் விழுந்தது என்பது என் கணிப்பு. நான்கு வருடம் கழித்து அதே ஆஸ்திரேலியாவில் முதன்முறையாகத் தொடரை வென்றதும் கோலியின் அணிதான்.

நம் ஊரிலேயே இதைச் சரியாகச் செய்த இன்னொருவர் விஸ்வநாதன் ஆனந்த். 2020 டிசம்பரில் வெஸ்ட்பிரிட்ஜ் நிறுவனத்தோடு சேர்ந்து அகாடமி தொடங்கி குகேஷ், பிரக்ஞானந்தா, வைஷாலி, நிஹால் சரின், ரௌனக் சாத்வானி ஆகியோரைக் கையில் எடுத்தார். 2022இல் செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்துக்கே வந்தபோது, வீட்டு வாசலில் நடக்கும் போட்டியில் அவர் காய் நகர்த்தவில்லை. வழிகாட்டியாக மட்டும் இருந்தார். முதல் பலகையில் குகேஷ் உட்கார்ந்து தொடர்ந்து எட்டு ஆட்டங்களை வென்றார். பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம், கையில் இருந்த வெற்றியை நழுவவிட்டுத் தோற்றார். இந்தியாவின் இரண்டாவது அணிக்குக் கிடைத்தது வெண்கலம்.

அந்தக் கடைசி நிமிடங்களில் ஆனந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது. கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டால் பயிற்சியாளர் வாய் திறக்கக் கூடாது, கண்ணால் ஜாடை காட்டக் கூடாது. சதுரங்கத்தின் விதியே மூத்தவரை வெளியே நிறுத்திவிடுகிறது, பழவேற்காட்டின் சீட்டு நிறுத்துவதைப் போல. 2024 புடாபெஸ்ட் ஒலிம்பியாட்டில் அதே குகேஷ் பத்துக்கு ஒன்பது புள்ளி எடுத்தார், இந்தியா தங்கம் வென்றது. டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனார். மாமல்லபுரத்துத் தோல்வியை யாரும் அவரிடமிருந்து தடுத்து வாங்கிக்கொள்ளாததும் இதில் ஒரு பங்கு.

கிரிக்கெட்டில் அப்படி ஒரு விதி இல்லை. அதனால் அணிதான் அதை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். பாடு முறையையும் நான் குறையற்றதாகச் சொல்லவில்லை. உரிமைப் பட்டியலில் இல்லாத தலித் ஊர்களும் இருளர்களும் தாங்கள் வெளியே நிறுத்தப்படுவதை எதிர்த்துப் பல காலமாகப் பேசி வருகிறார்கள், அவர்கள் கேட்பது நியாயம். சீட்டில் யார் பெயர் எழுதப்படுகிறது என்பது எந்த அணியிலும் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பெயர் எழுதியான பிறகு அந்த நாளில் யாரும் குறுக்கே வருவதில்லை.

சென்னை அணி நிர்வாகம் இரண்டு காரியங்களைச் செய்யலாம். கேப்டன் காயப்பட்டால் அடுத்தவர் யார், அவரும் இல்லையென்றால் யார் என்பதை முதல் ஆட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே அறிவிக்கலாம். அந்தப் பட்டியலில் தோனி பெயர் இருக்கக் கூடாது. இன்னொன்று, சில ஆட்டங்களில் கையுறையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு தோனியை வெளியே உட்கார வைக்கலாம். பதினெட்டாவது ஓவரை யாருக்குக் கொடுப்பது என்று கேப்டன் யோசிக்கும்போது, திரும்பிப் பார்க்க ஸ்டம்புக்குப் பின்னால் அந்த முகம் இல்லாத ஆட்டங்கள் அவருக்குத் தேவை.