செருகாத வயருக்கு வரிச்சலுகை

2025 டிசம்பர் 16 அன்று ஐரோப்பிய ஆணையம் ஒரு படி இறங்கி வந்தது. 2035 முதல் விற்கும் புதிய கார்களின் புகைக்குழாயிலிருந்து கரியமிலவாயு கொஞ்சமும் வரக்கூடாது என்பதுதான் அப்போதிருந்த சட்டம். இனி 90 சதவீதம் குறைத்தால் போதும், மிச்சமுள்ள பத்தில், வயரைச் செருகிச் சார்ஜ் ஏற்றும் பிளக்-இன் ஹைபிரிட்டும் ஓடிக்கொள்ளட்டும் என்பது புதிய முன்மொழிவு. ஜெர்மன் கார் தொழில் இதற்காக மாதக்கணக்கில் குரல் கொடுத்து வந்தது.

பிளக்-இன் தரப்பின் வாதம் கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. வார நாட்களில் அலுவலகம் போய்வருவது மின்சாரத்தில், விடுமுறைக்கு ஊர் போவது பெட்ரோலில். வழியில் சார்ஜர் தேடி அலைய வேண்டாம். சாதாரண ஹைபிரிட்டுக்கோ பெட்ரோலை விட்டால் வேறு கதி கிடையாது. அதன் குட்டி பேட்டரி, பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைப் பிடித்து வைத்துத் திருப்பிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஆகவே பிளக்-இன் ஒரு படி மேல். முழு மின்சாரக் காருக்குப் போகும் பாலம் அதுதான் என்று முடிக்கிறார்கள். காகிதத்தில் இதற்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கலே அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.

கொடுக்க வேண்டிய பெருமையை முதலிலேயே கொடுத்துவிடலாம். வீட்டு வாசலில் சொந்த பிளக் பாயின்ட் இருந்து, தினம் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி, ராத்திரி மறக்காமல் வயரைச் செருகுகிறவருக்குப் பிளக்-இன் அருமையான கார். 2010 இறுதியில் அமெரிக்காவில் செவர்லே வோல்ட் வந்தபோது அதை வாங்கியவர்களில் பலர் அப்படிப்பட்டவர்கள். பெட்ரோல் பங்க் இருக்கும் தெருவையே மறந்துபோனவர்கள். 2024இல் சீனாவின் பிஒய்டி கொண்டுவந்த சின் எல், பேட்டரி தீர்ந்த நிலையிலும் 100 கிலோமீட்டருக்கு 2.9 லிட்டர்தான் குடிக்கிறது என்கிறது சீனச் சோதனைக் கணக்கு. தொழில்நுட்பம் மட்டம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஹைபிரிட்டும் அப்பழுக்கற்றது அல்ல. எவ்வளவு சிக்கனமாக ஓடினாலும் அதன் சக்தி முழுவதும் கடைசியில் பெட்ரோல் டாங்கிலிருந்துதான் வந்தாக வேண்டும். பேட்டரிக்கும் வயதாகும். ஜப்பானில் ஓடிய டொயோட்டா ஹைபிரிட்களான ஆக்வாவையும் பிரியஸையும் வாங்கி ஓட்டும் கொழும்புக்காரர்களிடம் கேட்டால், செல் மாற்றிய கதை ஒன்றாவது வைத்திருப்பார்கள்.

ஆனால் ஹைபிரிட்டிடம் ஒரு குணம் உண்டு. ஓட்டுகிறவரிடம் அது எதையும் கேட்பதில்லை. சோம்பேறி ஓட்டினாலும் கஞ்சன் ஓட்டினாலும், நெரிசலில் நிற்கும்போது இன்ஜின் தானாக அணையும். பிரேக்கை மிதித்தால் பேட்டரி தானாக ஏறும். டொயோட்டா இன்னோவா ஹைகிராஸை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியச் சோதனைக் கணக்கில் வெறும் பெட்ரோல் வகை லிட்டருக்கு 16.13 கிலோமீட்டர், ஹைபிரிட் வகை 23.24. ரோட்டில் இரண்டுமே குறையும். ஆனாலும் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி டிரைவரின் நல்லொழுக்கத்தை நம்பி இருப்பதில்லை.

பிளக்-இன் அந்த நல்லொழுக்கத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. ஒழுக்கத்தைக் காட்டுவதற்கு முன்பே அதற்கான பரிசை அரசாங்கங்கள் கையில் கொடுத்துவிடுகின்றனவே, அதுதான் வயிற்றெரிச்சல்.

நடப்பது இதுதான். சோதனைச்சாலையில் பிளக்-இன் காருக்கு இரண்டு அளவு எடுக்கிறார்கள். பேட்டரி நிறைந்திருக்கும்போது ஒன்று, தீர்ந்தபின் ஒன்று. இரண்டையும் என்ன விகிதத்தில் கலப்பது? வாங்கப் போகிறவர் எவ்வளவு தூரம் மின்சாரத்தில் ஓட்டுவார் என்று ஒரு சூத்திரம் ஊகம் செய்கிறது. அந்தச் சூத்திரத்துக்குள் உட்கார்ந்திருப்பவர் தவறாமல் சார்ஜ் போடும் ஓர் உத்தமர். அவர் புண்ணியத்தில், 1,800 கிலோ எடையுள்ள மிட்சுபிஷி அவுட்லேண்டர், கிலோமீட்டருக்கு வெறும் 44 கிராம் கரியமிலவாயு என்ற சான்றிதழோடு 2014இல் பிரிட்டனில் இறங்கியது. மைலேஜ் லிட்டருக்கு 52 கிலோமீட்டர் என்றார்கள். நம்மூர் பைக் கணக்கு. ஜிம்முக்கு ஆண்டுச் சந்தா கட்டிய ரசீதைக் காட்டி உடம்பு இளைத்துவிட்டதாகச் சான்றிதழ் வாங்குவது போன்ற ஏற்பாடு இது.

சான்றிதழோடு போயிருந்தாலாவது சரி. அதைக் காட்டினால் அப்போது 5,000 பவுண்டு மானியம். லண்டன் நகருக்குள் நுழைய நெரிசல் கட்டணம் கிடையாது. கம்பெனி காராக எடுத்தால் விலையில் 5 சதவீதத்துக்குத்தான் வரி. அவுட்லேண்டர் அந்த நாட்டின் மிக அதிகம் விற்கும் பிளக்-இன் ஆனதில் வியப்பில்லை.

2018இல் கம்பெனி கார்களின் எரிபொருள் கணக்கைப் பார்க்கும் மைல்ஸ் கன்சல்டன்சி என்ற நிறுவனம், ஏறத்தாழ 1,500 பிளக்-இன் கார்களின் கணக்கைப் பிரித்துப் பார்த்தது. கேலனுக்கு 130 மைல் தர வேண்டியவை சராசரியாக 40 மைல்தான் தந்திருந்தன. அதாவது லிட்டருக்கு 46க்குப் பதில் 14 கிலோமீட்டர். குத்தகை முடிந்து திரும்பி வந்த சில கார்களின் டிக்கியைத் திறந்தால், சார்ஜிங் கேபிள் தொழிற்சாலையில் சுற்றிய செலோபேன் உறை பிரியாமலே கிடந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பிளக்-இன் காருக்கான மானியத்தை பிரிட்டன் அரசு நிறுத்திவிட்டது.

ஏன் செருகவில்லை? கம்பெனி கார் ஓட்டும் ஊழியரின் இடத்தில் இருந்து பார்த்தால் விளங்கும். பெட்ரோலுக்குக் கம்பெனி கார்டு கொடுத்திருக்கிறது. எங்கே நிரப்பினாலும் பில் கம்பெனிக்குப் போகும். வீட்டில் சார்ஜ் போட்டால் ஓடுவது அவருடைய சொந்த மீட்டர். அந்தக் காசைத் திரும்ப வாங்கக் கணக்கு எழுதி, கையெழுத்து வாங்கி அலைய வேண்டும். மழையில் நனைந்துகொண்டு வயரைச் செருகி, தன் பணத்தைச் செலவழித்து, முதலாளியின் பெட்ரோலை மிச்சம் பிடிக்க அவருக்கு என்ன தலையெழுத்து? அவர் மீது தப்பே இல்லை. கார் வாங்கியது வரிக்காக. வரி குறைந்துவிட்டது. வேலை முடிந்தது.

ஜெர்மனியில் இதே கதை இன்னும் பெரிய அளவில் நடந்தது. அங்கே கம்பெனி காரைச் சொந்த உபயோகத்துக்கும் ஓட்டும் ஊழியருக்கு, காரின் பட்டியல் விலையில் மாதம் 1 சதவீதத்தை வருமானமாகச் சேர்த்து வரி போடுவார்கள். நிபந்தனைகளைத் தாண்டிய பிளக்-இன்னுக்கு 2019 முதல் அதில் பாதிதான். செருகினாரா என்று கேட்கும் நிபந்தனை மட்டும் அதில் இல்லை.

ஐசிசிடி என்ற போக்குவரத்து ஆய்வு அமைப்பும் ஜெர்மனியின் ஃபிரௌன்ஹோஃபர் ஆய்வு நிலையமும் 2022இல் ஐரோப்பாவின் சுமார் 9,000 பிளக்-இன் கார்களின் உண்மை ஓட்டத்தை ஆராய்ந்தன. சான்றிதழின்படி 100 கிலோமீட்டருக்கு 1.6 லிட்டர் அளவில் குடிக்க வேண்டியவை அவை. சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் கையில் 4 லிட்டருக்கு மேல் குடித்தன. கம்பெனி கார்கள் 7.6 முதல் 8.4 லிட்டர் வரை குடித்தன. மைலேஜ் கணக்கில் சொன்னால், லிட்டருக்கு 60 கிலோமீட்டர் வாக்குக் கொடுத்த கார் 12, 13 கிலோமீட்டரில் நின்றது. கம்பெனி கார்கள் மின்சாரத்தில் ஓடிய தூரம் மொத்தத்தில் 11 முதல் 15 சதவீதம்தான்.

இதை ஆய்வு அமைப்புகளின் மிகை என்று தள்ளிவிடவும் வழியில்லை. 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையமே, 2021இல் பதிவான கார்களிலிருந்து திரட்டிய தரவை வெளியிட்டது. சாதாரண பெட்ரோல், டீசல் கார்கள் சான்றிதழைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகப் புகை விட்டன. பிளக்-இன் கார்கள் மூன்றரை மடங்கு விட்டன. நினைத்த அளவுக்கு யாரும் சார்ஜ் போடுவதில்லை என்று அறிக்கை பச்சையாகவே எழுதியது. அதை வெளியிட்ட ஆணையம்தான் ஏறத்தாழ இருபத்தொரு மாதம் கழித்து இவற்றுக்கு 2035ஐத் தாண்டிய ஆயுளைக் கொடுக்க முன்வந்திருக்கிறது.

செருகாத பிளக்-இன் என்னவாகிறது என்று பார்க்க டொயோட்டா பிரியஸ் போல வசதியான உதாரணம் கிடைக்காது. 2024இன் வட அமெரிக்கச் சிறந்த கார் விருதை பிரியஸுக்கும் அதன் பிளக்-இன் அண்ணனான பிரியஸ் பிரைமுக்கும் சேர்த்து ஒன்றாகவே கொடுத்தார்கள். நடுவர்கள் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். பிரியஸின் பேட்டரி 0.91 கிலோவாட் மணி. பிரைமின் பேட்டரி 13.6. அமெரிக்க அரசின் அளவுப்படி பிரைம் முழு சார்ஜில் 44 மைல், அதாவது சுமார் 70 கிலோமீட்டர், மின்சாரத்தில் போகும். நல்லது. சார்ஜ் தீர்ந்தபின்? சாதா பிரியஸ் லிட்டருக்கு 24 கிலோமீட்டர் கொடுக்கும் இடத்தில் பிரைம் 22தான் கொடுக்கிறது. தீர்ந்த பேட்டரி வெறும் மூட்டை. அதைச் சுமப்பதற்கும் பெட்ரோல்தான் செலவாகிறது. இது டொயோட்டாவின் இலகுவான காரில். இரண்டு டன்னைத் தாண்டும் ஜெர்மன் எஸ்யுவிகளில் நிலைமையைச் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பிரைம் ஒன்றின் பேட்டரியைப் பிரித்தால் பதினைந்து பிரியஸுக்குப் பங்கு வைக்கலாம். டொயோட்டாவே 2023இல் இதைப் பிரசாரமாகச் செய்தது: நீண்ட தூரம் ஓடும் ஒரு மின்சாரக் காருக்கான கனிமத்தில் ஆறு பிளக்-இன் செய்யலாம், இல்லாவிட்டால் தொண்ணூறு ஹைபிரிட் செய்யலாம் என்று. மின்சாரக் காரில் பின்தங்கிய கம்பெனி தனக்கு வசதியாகப் போட்ட கணக்கு அது. அதற்குரிய சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். ஆனால் ஆறுக்கும் தொண்ணூறுக்கும் உள்ள தூரம் கண்ணில் குத்துகிறது. லித்தியம் தட்டுப்பாடு என்று ஒரு பக்கம் அலறிக்கொண்டு, மறுபக்கம் செருகப்படாத கார்களுக்குள் அதைப் பூட்டி வைப்பது என்ன சிக்கனம்?

குற்றம் கொள்கையில்தான், காரில் இல்லை என்று பிளக்-இன் தரப்பு சொல்லும். கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் கொள்கையைக் கழற்றினால் காருக்கு என்ன ஆகிறது என்பதையும் ஜெர்மனி காட்டிவிட்டது. பிளக்-இன்னுக்கான வாங்கும் மானியம் 2022 முடிவோடு நின்றது. அந்த ஆண்டு 3,62,093ஆக இருந்த பதிவு, 2023இல் 1,75,724ஆகச் சரிந்தது. மானியம் போவதற்குள் முண்டியடித்து வாங்கியவர்களைக் கழித்தாலும் இது சின்ன வீழ்ச்சி இல்லை. பிறகு விற்பனை மறுபடி ஏறியது உண்மை. கம்பெனி காருக்கான பாதி வரி அப்படியே நீடித்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஷாங்காய் இவ்வளவு தயங்கவில்லை. அங்கே பெட்ரோல் காருக்கு நம்பர் பிளேட் ஏலத்தில் எடுக்க வேண்டும், விலை எகிறும். பிளக்-இன்னுக்கு இலவசமாகப் பச்சைப் பிளேட் கொடுத்து வந்த நகரம், 2023 ஜனவரி 1 முதல் அதை நிறுத்தியது. உலகிலேயே அதிகமாகப் பிளக்-இன் தயாரிக்கும் நாட்டின் முதன்மை நகரம் எடுத்த முடிவு இது.

கடைசியாகச் சொல்லப்படும் சமாதானம், பழைய தரவு பழைய கார்களைப் பற்றியது என்பது. இப்போதைய ஃபோக்ஸ்வேகன் டிகுவான் பிளக்-இன் 19.7 கிலோவாட் மணி பேட்டரியோடு 100 கிலோமீட்டருக்கு மேல் மின்சாரத்தில் போகுமாம். போகட்டும். பேட்டரி பெரிதானால் பெட்ரோல் கார்டு காலாவதி ஆகிவிடுமா? வாடகைக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு காரைத் தெருவில் நிறுத்துகிறவருக்கு வயர் எட்டிவிடுமா? ஜெர்மனியில் பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வாடகை வீட்டில்தான் இருக்கின்றன. சார்ஜ் போட இடம் இருப்பவருக்கு முழு மின்சாரக் காரே போதும். இடம் இல்லாதவருக்கு ஹைபிரிட் போதும். நடுவில் மிஞ்சுகிற ஆட்கள், பிளக்-இன் தரப்பு காட்டும் கூட்டத்தைவிட மிகவும் குறைவு.

சூத்திரத்தைத் திருத்தும் வேலையை ஐரோப்பா தொடங்கியும் இருந்தது. உத்தமரின் ஒழுக்க மதிப்பெண் 2025இல் ஒரு முறை குறைக்கப்பட்டது. 2027இல் இன்னொரு முறை குறைய வேண்டும். பிஎம்டபிள்யூ எக்ஸ் 1 பிளக்-இன்னுக்குப் பழைய கணக்கில் கிலோமீட்டருக்கு 45 கிராம் கரியமிலவாயு. அதே கார், அதே இன்ஜின், அதே பேட்டரிக்கு முதல் திருத்தத்தில் 96, இரண்டாவதில் 122. ஒரு நட்டுகூட மாறவில்லை. பொய் மட்டும் குறைகிறது. இந்த இரண்டாவது திருத்தத்தைத்தான் கைவிடச் சொல்லி ஜெர்மன் வாகனத் தொழில் சங்கம் 2025இல் கோரிக்கை வைத்தது.

ஊகமே தேவையில்லாத காலத்தில் ஊகத்துக்காக நடக்கும் சண்டை இது. 2021 முதல் ஐரோப்பாவில் பதிவாகும் ஒவ்வொரு புதிய பெட்ரோல், டீசல், பிளக்-இன் காருக்குள்ளும் எரிபொருள் கணக்கு எழுதும் கருவி கட்டாயம். பிளக்-இன் என்றால் எத்தனை கிலோமீட்டர் இன்ஜின் அணைந்து ஓடியது, வெளியிலிருந்து எவ்வளவு மின்சாரம் ஏறியது என்பதும் அதில் இருக்கிறது. சர்வீஸுக்கு விடும்போது மெக்கானிக் ஒரு வயரைச் செருகினால் எல்லாம் திரையில் வந்துவிடும். வரி போடுகிறவர்கள் அதைக் கேட்பதில்லை. முதல் கிலோமீட்டர் ஓடுவதற்கு முன் அச்சிட்ட சான்றிதழைப் பார்த்துத்தான் ஜெர்மனியில் இன்றும் அந்தப் பாதி வரியைக் கழிக்கிறார்கள்.