தேரிக்காட்டில் வேனை நிறுத்துங்கள்

தாம்பரம், பெருங்களத்தூர், சேலையூர் பக்கம் திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்கள் இல்லாத தெருவே கிடையாது. லீவு விட்டால் கிளாம்பாக்கத்தில் முண்டியடித்து பஸ் ஏறுகிறார்கள். திருச்செந்தூரில் ஏசி ரூம் போட்டு, முருகனைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் செக்கச்செவேலென்று மணல் குன்றுகள் கிடக்கின்றன. கேட்டால், "தேரியா? அங்கே என்ன இருக்கு?" என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அரிசோனா பாலைவனத்தில் அமெரிக்க அரசு நிலங்கள் பலவற்றில் 28 நாளுக்குள் 14 நாள் வரை வண்டியிலேயே இலவசமாகத் தங்கலாம். இதைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் கோயிலுக்கு வேன் பிடித்துப் போய், மரத்தடியில் கல் கூட்டிச் சோறாக்கி, ஜமுக்காளம் விரித்துப் படுக்கும் நம் சனங்களை மட்டும் இவர்கள் கண்ணில் வைப்பதில்லை. தேரியை ஒட்டிய கற்குவேல் அய்யனார் கோயிலுக்கும் சனம் அப்படித்தான் வருகிறது.

தேரிக்கு வேனில் போய்த் தங்க வேண்டிய அடிப்படை விஷயங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். டெம்போ டிராவலரோ ஈகோ வேனோ போதும். வண்டியை மாற்றிக் கட்டாதீர்கள், ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். சீட்டை மடக்கி மெத்தை போடுங்கள். தண்ணீர் தாராளமாக எடுங்கள். தேரியில் காப்புக்காடும் உண்டு, பட்டா நிலமும் உண்டு. காப்புக்காட்டுக்குள் ராத்தங்கக் கூடாது. கோயிலிலோ பனங்காட்டுக்காரரிடமோ கேட்டு, அவர்கள் கை காட்டுகிற இடத்தில் நிறுத்துங்கள். நெருப்பு வேண்டாம், குப்பை உங்களோடு திரும்ப வேண்டும். அவ்வளவுதான்.

இனிதான் முக்கியமான விஷயம். தேரி முழுக்க ஒரே மணல் என்று நினைப்பவர் தேரியைப் பார்க்கவே இல்லை. ஓடுகிற மணல் வேறு, அடங்கிய மணல் வேறு. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கணவாய் வழியாகப் பாய்ந்து சமவெளிச் செம்மண்ணை வாரிவந்து கடலோரத்தில் கொட்டியதில் உண்டானது தேரி. மணல் பரல்களின் மேல் இரும்புத்துரு படிந்ததால் வந்தது அந்தச் சிவப்பு. நட்டு வளர்த்த பனையும் முந்திரியும் பிடித்துக்கொண்ட இடம் அடங்கிவிட்டது. பிடிப்பில்லாத இடம் இன்னும் நகர்கிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? பனையின் அடியைப் பாருங்கள். காற்று மணலை அரித்துக்கொண்டு போன பக்கம் வேர் வெளியே தொங்கும். கொண்டுவந்து கொட்டுகிற பக்கம் மரத்தின் பாதி மணலுக்குள் இருக்கும். ஓடுகிற மணலில் அலையலையாக வரி விழுந்திருக்கும், வரிகளில் கறுப்புக் கீற்று தெரியும். கனமான இரும்புத் தாதுக்கள் அவை. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள், கரும்பொடி மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அடங்கிய மணலில் வரி இருக்காது. புல் முளைத்து, மேலே லேசாக இறுகிக் கிடக்கும். கால் வைத்தால் மெல்லிய ஏடு உடையும்.

வண்டி நிற்க வேண்டியது அடங்கிய மணலின் ஓரத்தில், தார் ரோட்டை விட்டு இறங்காமல். நீங்கள் நடக்க வேண்டியது ஓடுகிற மணலில். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் நான்கு சக்கரமும் சுழலும் ஜீப்பை மேட்டில் ஏற்றிப் புழுதி கிளப்பி, 'தமிழ்நாட்டு சஹாரா' என்று ரீல்ஸ் போடுகிறார்கள். சஹாராவில் ஏது பனை? வளர்ந்து வரும் புல்லை ஒரு டயர் கிழித்தால் அங்கே மணல் மறுபடி ஓடத் தொடங்கும். ஈ.சி.ஆர். ஓரம் சீரியல் லைட் தோரணம் கட்டின கூடாரத்துக்கு ஆயிரக்கணக்கில் அழுதுவிட்டு 'இயற்கையோடு ஒன்றினேன்' என்கிறவர்களும் இதே ரகம். அவர்கள் ஒன்றியது ஜெனரேட்டர் சத்தத்தோடு.

தேரியில் மணல் மட்டுமல்ல, பழங்காலத் தடயமும் உண்டு. 1863இல் நம் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தத் தேரிகளையும் ஆராய்ந்தவர். பிறகு தொல்லியல் ஆய்வாளர்கள் ஸாய்னரும் பிரிஜெட் ஆல்சினும் இங்கே கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி 1956இல் எழுதினார்கள். நகத்தளவு கல்சில்லு கண்ணில் பட்டால் குனிந்து பாருங்கள். எடுக்காதீர்கள்.

உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்லப்போகிறேன்: எல்லோரும் சூரிய அஸ்தமனத்துக்கு ஓடுகிறார்கள், அது வெறும் போட்டோ நேரம். விடிந்ததும் காற்று எழும்புவதற்கு முன்னால் ஓடுகிற மணலுக்குப் போங்கள். ராத்திரி நடமாடியதெல்லாம் அங்கே எழுதியிருக்கும். வண்டின் தையல் கோடு, ஓணான் வாலிழுத்த கோடு, நரியோ நாயோ நேராக நடந்து போன தடம். சில மணி நேரத்தில் காற்று எல்லாவற்றையும் அழித்துவிடும்.

ஜனவரி, பிப்ரவரி சுகமான மாதங்கள். ஏப்ரலில் வெயில் கொளுத்தும், ஆனால் பதநீர் கிடைக்கும். அப்படியே உடன்குடிக்குப் போய் 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கருப்பட்டியை மூட்டையாகவே வாங்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றில் வேன் கதவைத் திறக்க முடியாது. மணல் ஓடுவதைக் கண்ணால் பார்க்க ஆசையிருந்தால் அப்போது பகலில் மட்டும் போங்கள், முகத்தைத் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு.