ரென்ட்டியின் உருவப்படமும் சொத்துரிமைச் சட்டமும்

1850 மார்ச் மாதம் அமெரிக்காவின் தென் கரோலினாவில், கொலம்பியா நகரின் நிழற்படக் கூடமொன்றில் ரென்ட்டி என்னும் ஆப்பிரிக்க முதியவரும் அவருடைய மகள் டெலியாவும் ஆடை களையப்பட்டு நிறுத்தப்பட்டனர். மனித இனங்கள் தனித்தனியே தோன்றியவை என வாதிட்ட ஹார்வர்டு பேராசிரியர் லூயி அகாசிஸ் தம் கொள்கைக்குச் சான்று தேடிக்கொண்டிருந்தார். அடிமைகளிடம் ஒப்புதல் கேட்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. படம் பதிந்தது வெள்ளி பூசிய செப்புத் தகட்டில். டகேரியோடைப் எனப்படும் அம்முறையில் பிரதியெடுக்க உதவும் நெகட்டிவ் கிடையாது, தகடே படம். எழுவரின் உருவங்களைத் தாங்கிய 15 தகடுகள் 1976இல் ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியக மேல்மாடத்தில் கண்டெடுக்கப்பட்டன.

தாம் ரென்ட்டியின் வழித்தோன்றல் என்று தாயின் வாய்மொழியைக் கொண்டு கூறும் டமரா லேனியர், தகடுகளைக் கேட்டு 2019இல் மாசச்சூசெட்ஸில் வழக்குத் தொடுத்தார். 2021இல் வழக்கு தள்ளுபடியாயிற்று. மேல்முறையீட்டில் 2022 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம், படத்தில் இருப்பவருக்கு அப்படத்தின் மீது சொத்துரிமை இல்லை என்பதை உறுதிசெய்தது. ஆனால் மனவேதனைக்குப் பரிகாரம் கோரும் பகுதியைத் தொடர இடமளித்தது.

விதி தன்னளவில் பிழையன்று. படத்தில் உள்ளோரின் வாரிசுகளுக்கெல்லாம் உரிமை உண்டென்றால் உலகில் எந்தப் படக் காப்பகமும் நிலைக்காது. எனினும் அவ்விதி, விரும்பி வந்து அமர்ந்தவரையும், மறுத்தால் போக்கிடமின்றி அப்படியே நின்றாக வேண்டியவரையும் ஒரே தட்டில் வைக்கிறது. ரென்ட்டியே அன்று மற்றொருவரின் சொத்து. எதையும் உடைமையாக்கிக்கொள்ளவோ வழக்காடவோ முடியாதிருந்த மனிதர், 'உரிமை பெறவில்லை' என்று இன்று கூறுவது, அன்றைய பறிப்பையே இன்றைய சான்றாகக் கொள்வதாகும். நீதிமன்றம் திறந்துவிட்ட வழியும் நமக்கு நிறைவளிக்கவில்லை. அது லேனியரின் மனத்துயரை எடைபோடுகிறது. 1850இல் அக்கூடத்தில் நிகழ்ந்த கொடுமை அவ்வழக்கின் பின்னணியாக மட்டுமே நிற்கிறது. (வாய்மொழி வம்சாவளியை ஹார்வர்டு ஐயுற்றதும் நம்மை உறுத்துகிறது. அடிமைகளின் குடும்பப் பெயரையும் பதிவேட்டையும் அழித்தது யார்?)

2025 மே மாதம் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. தகடுகள் ஹார்வர்டை விட்டுத் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரிலுள்ள பன்னாட்டு ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்திற்குச் செல்வதாக முடிவாயிற்று. மகிழ்கிறோம். ஆயினும் உடன்பாடு தீர்ப்பன்று; இவ்வாறே தம் முன்னோரின் உருவத்தைக் கேட்டு நாளை அம்மாநில நீதிமன்றத்திற்கு வருபவர் முன் 2022ஆம் ஆண்டின் தீர்ப்பே நிற்கும்.