புதினம் மேடையேறுங்கால்

அண்மையில் கிளமெண்டியில் தமிழாசிரியர் ஒருவர் இல்லத்தில் நண்பர் சிலர் கூடியிருந்தோம். பள்ளி விழாவில் 'பொன்னியின் செல்வ'னை நடிக்க மாணவர்கள் விரும்புவதாகவும், நாற்பது நிமிடத்தில் அதனை எவ்வாறு அடக்குவது என்று விளங்கவில்லை என்றும் அவர் கூறினார். "கதையைச் சுருக்கினால் போதும்" என்றார் ஒருவர். "புதினத்தை மேடையேற்றுவதே அதற்குச் செய்யும் தீங்கு" என்றார் மற்றொருவர். இவ்விரண்டும் முழு உண்மை ஆகா என்பது என் கருத்து.

முதற்கண் சுருக்கம் என்பதை ஆராய்வோம். கல்கி இப்புதினத்தை 1950இல் தொடங்கி மூன்றாண்டுகளுக்கு மேலாக வாரந்தோறும் எழுதினார். பாகங்கள் 5, அத்தியாயங்கள் 293. அத்தியாயத்திற்கு ஒரு நிமிடம் என்று கணக்கிட்டாலும் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். அன்றியும், வாரப் பத்திரிகையின் தொடர்கதை அடுத்த வாரத்தை எதிர்நோக்கி அமைக்கப்படுவது. ஒவ்வோர் அத்தியாயமும் ஓர் ஐயத்தில் முடியும். வாசகன் ஏழு நாள் அதனை மனத்தில் வைத்துப் புரட்டுவான். நாடகம் காண்போனுக்கு அந்த ஏழு நாள் இல்லை. ஆகவே நிகழ்ச்சிகளைக் குறைத்து வரிசையாக அடுக்கினால், வருவாரும் போவாருமாக மேடை நிறையுமேயன்றி நாடகம் பிறவாது.

சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' லிட்டன் பிரபுவின் 'மறைவழி' என்னும் சிறு கதையைத் தழுவியது. சிறியதொரு கதையை அவர் ஐந்து அங்கங்களாக விரித்தார். விரிப்பவனுக்கு இடமுண்டு. பெரும் புதினத்தைக் கையில் எடுப்பவனோ எதை விடுவது என்பதையே முதலில் துணிதல் வேண்டும்.

அத்துணிவு இயலாததன்று. கல்கியின் நூற்றாண்டான 1999இல், சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திறந்தவெளியில் மேஜிக் லான்டர்ன் குழுவினர் ஐந்து பாகக் கதையை ஒரே இரவில் நடித்துக் காட்டினர். நாடகமாக்கியவர் குமரவேல், இயக்கியவர் பிரவீன். 2014இல் அது மீண்டும் மேடையேறியது. 2022லும் 2023லும் வெளிவந்த மணிரத்னத்தின் இரு திரைப்படங்களுக்குத் திரைக்கதை எழுதியோருள் இக்குமரவேலும் ஒருவர். மேடைக்காகப் புதினத்தைப் பிரித்துக் கோத்தவரையே திரையும் தேடிச் சென்றது என்பது எண்ணத்தக்கது.

எதனை வைத்துக் கோப்பது? படிப்போர்க்கு வந்தியத்தேவனின் பயணமே கதையின் நூல். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் அவன் குதிரையோடு நாமும் செல்கிறோம். மேடையில் ஏரியும் இல்லை, குதிரையும் இல்லை. அங்கே நிற்கக்கூடியது ஒரு வினாவே: நோயுற்ற சுந்தர சோழருக்குப் பின் முடி யாருக்கு? இவ்வினாவோடு தொடர்புடைய காட்சிகளை வைத்து, ஏனையவற்றை விட்டுவிடலாம். வந்தியத்தேவனின் குறும்பிற் பாதி இதனால் போய்விடும் என்பது மெய்யே. அந்த இழப்பை ஒப்புக்கொண்டுதான் நாடகம் எழுத வேண்டும்.

இரண்டாவது இழப்பு இதனினும் பெரிது. கல்கியின் கதையில் நம்மோடு இடையறாது உரையாடுபவர் கல்கியே. வாசகரை அழைப்பார், வரலாறு சொல்வார், நகையாடுவார். பாத்திரங்கள் மட்டும் மேடையேறினால் அந்தக் குரல் மறைந்துவிடும். இதற்கு மருந்து நம் தெருக்கூத்திலேயே உண்டு. கட்டியங்காரன் கதைக்கு உள்ளும் புறமும் நிற்பவன். அரசனையும் எள்ளுவான், அவையோரையும் வினவுவான். ஆழ்வார்க்கடியான் நம்பியிடம் அப்பணியை ஒப்படைத்தால் பொருந்தும் என்று எண்ணுகிறேன். ஊர் ஊராய்ச் சுற்றி யாவற்றையும் ஒட்டுக்கேட்பவன் அவனே அல்லவா? ஆயினும் அவன் பேச்சு மிகுந்தால் நாடகம் சொற்பொழிவாகிவிடும்.

மேடை புதினத்தை வெல்லும் இடமும் உண்டு. கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலன் மாளும் காட்சி அது. விளக்கு அணைய, இருளில் கொலை நிகழ்கிறது. கொன்றவர் யார் என்பதைக் கல்கி ஐயத்திலேயே விடுகிறார். உடையார்குடிக் கல்வெட்டோ ரவிதாசன் முதலியோரைக் குற்றவாளிகளாகக் குறிக்கிறது. ஏட்டில் இருள் என்பது வெறுஞ்சொல். அரங்கிலோ விளக்கை அணைத்தால் நாமும் அவ்விருளில் இருக்கிறோம். கொலையாளியைத் தெளிவாகக் காட்டிவிடும் நாடகாசிரியர், தமக்குக் கிடைத்த அரும்பொருளைத் தாமே எறிந்துவிடுகிறார்.

இனி, காதல். குந்தவையும் வந்தியத்தேவனும் சொல்லாது விடுவதே அவர் காதலின் சுவை. நம் மேடை வழக்கமோ அடுக்குமொழியில் காதலை முழங்குவது. சிங்கப்பூர் இந்தியருள் பாதிக்கு மேற்பட்டோர் இல்லத்தில் மிகுதியும் பேசுவது ஆங்கிலமே என 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு காட்டுகிறது. நம் மாணவர் பலருக்குத் தமிழ் உரக்க ஒலிக்கும் இடம் வகுப்பும் மேடையுமே. பொருள் விளங்காத முழக்கத்தை நெட்டுருச் செய்வித்தால், தமிழ் பேசுதற்குரிய மொழியன்று, நடித்தற்குரிய மொழி என்றே அவர்கள் கருதிவிடுவர். கல்கியின் நடை எளியது. அதனை அலங்கரித்துக் கெடுத்தல் ஆகாது.

இத்துணையும் கேட்ட நண்பர், "அப்படியானால் நாற்பது நிமிடத்திற்கு எதை எடுப்பது?" என்றார். முடிசூட்டு விழாவை மட்டும் எடுங்கள் என்றேன். தனக்குச் சூட்ட வந்த முடியை அருள்மொழி உத்தம சோழருக்குச் சூட்டுகிறான். உத்தம சோழர் விரும்பும்வரை அவர் ஆளட்டும் என அருள்மொழி அரசை ஏலாதிருந்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடும் கூறுகிறது. 985இல்தான் அவன் இராசராசனாக அரியணை ஏறினான். ஒத்திகை தொடங்குமுன், அவன் ஏன் கொடுத்தான் என்று மாணவர்களைக் கேளுங்கள். அவர்கள் தம் சொற்களில் கூறும் விடையைக் கேட்டபின் உரையாடலை எழுதுங்கள். மற்ற அத்தியாயங்களை அவர்களே தேடிப் படிப்பார்கள்.