தவறான செய்தியும் தாமதமான திருத்தமும்

2016 டிசம்பர் 5 மாலை 5.30 மணியளவில், அன்றைய முதல்வர் ஜெயலலிதா காலமாகிவிட்டார் என்று தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகள் சில அறிவித்தன. ராயப்பேட்டையில் உள்ள அ.தி.மு.க. தலைமை அலுவலகத்தில் கட்சிக் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. சற்று நேரத்தில் அப்போலோ மருத்துவமனை அந்தச் செய்தியை மறுத்தது. இறங்கிய கொடி மறுபடி மேலே ஏறியது. அவர் அன்றிரவு 11.30 மணிக்கு இறந்ததாகவே பின்னர் அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆறு மணி நேரமும் மாநிலம் முழுக்கப் பதற்றத்தில் கிடந்தது. அந்தச் செய்தி எங்கிருந்து வந்தது, யார் சரிபார்த்தார்கள், யார் ஒளிபரப்பச் சொன்னார்கள் என்று கேட்க நினைத்த சாதாரணப் பார்வையாளருக்கு எந்த வாசலைத் தட்டுவது என்பதே தெரியாது.

அவசரத்தில் தவறு நேர்வது செய்தித் தொழிலின் இயல்பு. நள்ளிரவு நெருங்கும் வேளையில் பக்கத்தை முடிக்கும் உதவி ஆசிரியரும், நேரலையில் மைக்கோடு நிற்கும் நிருபரும் முழு விவரமும் கைக்கு வருவதற்கு முன்பே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. தவறே செய்யாத பத்திரிகையை விவரம் தெரிந்த எவரும் எதிர்பார்ப்பதில்லை. தவறு தெரிந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் ஒரு செய்தி நிறுவனத்தின் தரம் தெரியும். செய்திகளின் தரம் சரிந்துவிட்டதென்ற ஆதங்கம் இன்று வீட்டுக்கு வீடு கேட்கிறது. வாசகரின் புகாரைக் காதுகொடுத்துக் கேட்க ஆளில்லாமல் போனதும் இந்தச் சரிவும் தனித்தனியானவை அல்ல என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். குறை இருந்தால் யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்ற பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் எல்லாம் அச்சாகியிருக்கும். பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. நாளிதழிலும் ஆசிரியர், அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயர்கள் ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். 1867-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து தொடரும் வழக்கம் அது. அந்த வரி பிறந்தது அரசின் தேவைக்காக. யார் மீது வழக்குப் போடலாம் என்று ஆட்சியாளருக்குச் சொல்வதற்காக அச்சிடப்பட்ட அந்த வரி, நேற்றைய செய்தியில் தன் ஊர்ப் பெயரோ தன் தந்தையின் பெயரோ தவறாக வந்ததென்று சொல்ல வரும் வாசகருக்கு வழிகாட்டுவதில்லை. அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தால் விளம்பரப் பிரிவுக்கும் சந்தாப் பிரிவுக்கும் எளிதாக இணைப்புக் கிடைக்கும். செய்திப் பிரிவில் பொறுப்போடு பதில் சொல்பவரைப் பிடிப்பதுதான் கடினம்.

இந்த அலட்சியத்துக்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. நாம் கொடுக்கும் விலை, ஒரு நாளிதழின் தாள் செலவையும் அச்சுச் செலவையும் ஈடுகட்டாது. மீதியை விளம்பரதாரர் கொடுக்கிறார். தொலைக்காட்சிக்கு டி.ஆர்.பி. புள்ளியும், இணையதளத்துக்குப் பார்வை எண்ணிக்கையும் படியளக்கின்றன. வாசகரின் கவனம் விற்பனைச் சரக்காகிவிடும்போது அவருடைய குறையைத் தீர்க்க வேண்டிய நெருக்கடி நிறுவனத்துக்கு இல்லை. இதன் கடைக்கோடியில் நிற்பது காசுக்குச் செய்தி. 2009 தேர்தல்களில் வேட்பாளர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு விளம்பரங்களையே செய்தியாக வெளியிட்டது பற்றி இந்தியப் பத்திரிகை மன்றத்தின் துணைக்குழு விரிவான அறிக்கை தயாரித்தது. அதை எழுதியவர்கள் பரஞ்ஜோய் குஹா தாக்குர்தாவும் கே. சீனிவாச ரெட்டியும். மன்றம் 2010-இல் வெளியிட்டதோ சுருக்கத்தை மட்டும்தான். முழு அறிக்கை வெளிவர மத்தியத் தகவல் ஆணையம் தலையிட வேண்டியிருந்தது. பத்திரிகைகளைக் கண்காணிக்கும் அமைப்பே பத்திரிகைகளைப் பற்றிய உண்மையைத் தயங்கித் தயங்கி வெளியிட்டது, நோய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

இந்த நோய்க்கு மருந்து தேடியவர்களும் பத்திரிகை உலகில் உண்டு. பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் 1997-இல் வாசகர்களுக்கென்றே தனி ஆசிரியர் ஒருவரை நியமித்தது. அந்தப் பொறுப்பை முதலில் ஏற்றவர் இயன் மேய்ஸ். சென்னையிலிருந்து வெளிவரும் தி இந்து ஆங்கில நாளிதழ் 2006-இல் அதே போன்ற பொறுப்பை ஏற்படுத்தி கே. நாராயணனை அமர்த்தியது. ஏ.எஸ். பன்னீர்செல்வன் பின்னர் பல ஆண்டுகள் அதை வகித்தார். ஏற்பாடு எளிமையானது. வாசகர் எழுதுகிறார். அந்தப் புகார் பதிவாகிறது. செய்தியை எழுதியவரிடமும் டெஸ்க்கிலும் விளக்கம் கேட்கப்படுகிறது. தவறு உறுதியானால் திருத்தமும் விளக்கமும் நாளிதழில் அவற்றுக்கென ஒதுக்கிய இடத்தில் வெளியாகின்றன. பெரிய சிக்கல் என்றால் வாசகர்களுக்கான ஆசிரியர் தம் பத்தியில் தம் நாளிதழையே விமர்சித்து எழுதலாம்.

இந்த முறையின் வலிமை மூன்று இடங்களில் தெரிகிறது. முதலாவது, புகார் செய்தவருக்குப் பதில் கிடைக்கிறது. தன் சொல் செல்லுபடியாகிறது என்று உணரும் வாசகர் பத்திரிகையின் பகைவராக மாறுவதில்லை. அடுத்தது, செய்தி அறைக்குள் நிகழும் மாற்றம். தான் எழுதியதற்கு நாளை காலை விளக்கம் தர நேரும் என்று தெரிந்த நிருபர், இன்னொரு தொலைபேசி அழைப்பைக் கூடுதலாகச் செய்து சரிபார்க்கிறார். மூன்றாவது, ஆவணத் தூய்மை. நாளிதழ் பிற்காலத்துக்கான சான்று. திருத்தப்படாத பிழை ஆய்வேடுகளிலும் வழக்கு ஆவணங்களிலும் உண்மை போலவே உட்கார்ந்துவிடும்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. வாசகர்களுக்கான ஆசிரியரின் சம்பளத்தைக் கொடுப்பது அதே நிறுவனம்தான். எழுத்துப் பிழையையும் தேதிப் பிழையையும் சுட்டிக்காட்ட அவருக்குத் தடை இருக்காது. எந்தச் செய்தி ஏன் அமுக்கப்பட்டது, எந்த விளம்பரதாரருக்காகத் தலைப்பு மென்மையானது என்ற கேள்விகளுக்குள் அவர் எவ்வளவு தூரம் போக முடியும் என்பது முதலாளியின் பெருந்தன்மையைப் பொறுத்தது. முதல் பக்கத்தில் நான்கு பத்தி அகலத்தில் வந்த தவறுக்கு உள்பக்கத்தில் நான்கு வரித் திருத்தம் என்பது ஈடாகாது. பதவியும் நிலையானதல்ல. ஜேசன் பிளேர் என்ற நிருபரின் பொய்ச் செய்திகள் அம்பலமானதை அடுத்து 2003-இல் நியூயார்க் டைம்ஸ் இதே போன்ற பொறுப்பை உருவாக்கியது. சமூக ஊடகங்களில் வாசகர்களே கண்காணிப்பாளர்களாகிவிட்டார்கள் என்று காரணம் சொல்லி 2017-இல் அதை நீக்கியது. வாஷிங்டன் போஸ்ட் 2013-லேயே தன் குறைதீர்ப்பாளர் பதவியைக் கைவிட்டிருந்தது. நியூயார்க் டைம்ஸ் சொன்ன காரணத்தை ஏற்க முடியாது. ஆயிரம் பேர் சமூக ஊடகத்தில் திட்டலாம். அவர்களில் ஒருவரால்கூட செய்தி அறைக்குள் சென்று, இந்த வரிக்கு ஆதாரம் என்ன என்று கேட்டுப் பதில் வாங்க முடியாது. நான் மேலே அடுக்கிய குறைகள் எல்லாம் அந்தப் பதவிக்குக் கூடுதல் அதிகாரம் வேண்டும் என்பதற்கான காரணங்கள். பதவியையே ஒழிப்பதற்கு அவற்றில் ஒன்றும் உதவாது.

தமிழ் நாளிதழ்களில் வாசகர் கடிதங்களுக்கு நீண்ட மரபு இருக்கிறது. திருத்தங்களுக்கு அப்படிப்பட்ட மரபு உருவாகவில்லை. நிரந்தரமான இடமும், புகாரை விசாரிக்கப் பெயர் அறிவிக்கப்பட்ட பொறுப்பாளரும் தமிழ் இதழியலில் அரிதிலும் அரிது. வருத்தம் தெரிவித்தால் கௌரவம் குறைந்துவிடும் என்ற பழைய எண்ணம் இன்னும் போகவில்லை.

வெளியிலிருந்து கண்காணிக்கும் அமைப்புகளின் நிலையைப் பார்ப்போம். 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் இந்தியப் பத்திரிகை மன்றம் ஒரு நாளிதழை எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் விதிக்க முடியாது. தவறு உறுதியானால் உரிய முக்கியத்துவத்தோடு உடனே திருத்தம் வெளியிட வேண்டும் என்று அதன் நெறிமுறைகள் தெளிவாகவே சொல்கின்றன. அதை மீறினால் என்ன ஆகும் என்ற கேள்விக்குத்தான் பதில் பலவீனமாக இருக்கிறது. தொலைக்காட்சிகள் 2008-இல் தங்களுக்குத் தாங்களே ஒரு தர ஆணையத்தை ஏற்படுத்திக்கொண்டன. நீதியரசர் ஜே.எஸ். வர்மா அதன் முதல் தலைவர். நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் இறந்த பிறகு, அவர் எழுதாத ட்வீட்களை அவருடையவையாகக் காட்டியதற்காக 2020-இல் ஆஜ் தக் தொலைக்காட்சி மன்னிப்புக் கேட்கவும் 1 லட்சம் ரூபாய் அபராதம் செலுத்தவும் அந்த ஆணையம் உத்தரவிட்டது. பாராட்ட வேண்டிய உத்தரவு. ஆனால் ஒரு நிகழ்ச்சியின் விளம்பர வருவாயோடு ஒப்பிட்டால் அந்தத் தொகை ஒரு பொருட்டே ஆகாது. அபராதத்துக்கு 2008-இல் நிர்ணயித்த உச்சவரம்பு 15 ஆண்டுகளாக மாறாதிருப்பதை 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சுட்டிக்காட்டியது. ஆணையத்தில் உறுப்பினராகாத தொலைக்காட்சிகள் அதன் கைக்கு எட்டுவதுமில்லை.

அப்படியானால் அரசே தண்டிக்கட்டும் என்று கோபத்தில் சொல்லத் தோன்றும். அந்த வழி அதைவிட ஆபத்தானது. தமிழ்நாட்டில் ஆட்சியாளர்கள் பத்திரிகைகள் மீது அவதூறு வழக்குகளைத் தொடுத்தபடி இருந்த காலத்தை நாம் பார்த்திருக்கிறோம். அப்படித் தொடுக்கப்பட்ட பல வழக்குகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020 மே மாதம் ரத்து செய்தது. அரசு குறித்த செய்திகளில் எது பொய் என்று முடிவுசெய்யும் பிரிவை ஒன்றிய அரசே அமைத்துக்கொள்ள வழிசெய்த விதியை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்தபோது அதை நாட்டின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் செய்தியாளர்களும் இருந்தார்கள். உண்மை எது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அரசின் கையில் இருந்திருந்தால் அத்தகைய செய்திக்கு என்ன கதி நேர்ந்திருக்கும் என்று யோசிக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் இலங்கையின் அனுபவம் கவனிக்கத்தக்கது. அங்கே 2002-இல் குற்றவியல் அவதூறுச் சட்டம் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பத்திரிகைத் துறையின் சுய ஒழுங்கு அமைப்பாகப் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு தொடங்கியது. சிறைக்கு அனுப்பும் பெரிய கதவை மூடி, சாதாரண வாசகர் செலவில்லாமல் நுழையக்கூடிய சிறிய கதவைத் திறந்தார்கள். அங்கும் பத்திரிகையாளர்களுக்கு எதிரான வன்முறை பின்னர் தொடரவே செய்தது. எனினும் அந்த வரிசை சரியானது. நம்மிடம் தலைகீழ். அவதூறு வழக்கு என்னும் பெரிய கதவு வசதியும் அதிகாரமும் உள்ளவர்களுக்குத் திறந்தே இருக்கிறது. மற்றவர்களுக்கு இருக்கும் சிறிய கதவுகள் கண்ணுக்கே தெரிவதில்லை.

இணையம் இந்தக் குறையைப் பன்மடங்காக்கிவிட்டது. 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று தொடர்பில்லாத காணொளிகளோடு பொய்த் தகவல் பரவியது. வடநாட்டு ஊடகங்கள் சிலவும் அதைச் செய்தியாக்கின. காவல் துறைத் தலைவர் மறுப்பு வெளியிட வேண்டியிருந்தது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பிப் பார்த்தது. திருப்பூரில் பனியன் கம்பெனி விடுதிகளில் தங்கியிருந்தவர்களுக்கு ஊரிலிருந்து அழுகையோடு அழைப்புகள் வந்தன. உண்மை மெல்லத்தான் வெளியே தெரிந்தது. பொய் சென்ற வாட்ஸ்அப் குழுக்கள் அத்தனைக்கும் மறுப்பு சென்று சேரவே இல்லை. செய்தி இணையதளங்கள் பலவும் இன்று தவறை ஓசையின்றி மாற்றிவிடுகின்றன, அல்லது பக்கத்தையே நீக்கிவிடுகின்றன. காலையில் படித்தவர் தவறான தகவலோடு நின்றுவிடுகிறார். எது மாறியது என்ற குறிப்பு இல்லாத திருத்தம் தடயத்தை அழிப்பதற்குச் சமம்.

விரைவாகத் திருத்த முடியாது என்ற வாதமும் நிற்காது. தங்கள் சின்னத்தைப் பயன்படுத்தி யாராவது போலி நியூஸ் கார்டு தயாரித்தால், அது தங்கள் செய்தி இல்லை என்று தமிழ்த் தொலைக்காட்சிகள் பளிச்சென்று சிவப்பு முத்திரை குத்தி வெளியிடுகின்றன. தங்கள் பெயரைக் காக்கக் காட்டும் அந்த வேகத்தைத் தங்கள் தவறால் பெயர் கெட்டவருக்காகவும் காட்டலாம்.

பழியை நிருபர் தலையில் மட்டும் கட்டுவதும் நியாயமில்லை. வட்டார நிருபர்கள் பலர் சொற்பத் தொகைக்கு வேலை செய்கிறார்கள். மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரைகளை 2014-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த பிறகும் அவற்றுக்காகப் பத்திரிகை ஊழியர்கள் வழக்காட வேண்டியிருந்தது. மெய்ப்புத் திருத்துவோர் பணியிடங்கள் சுருங்கிவிட்டன. ஒருவரே படம் எடுத்து, எழுதி, காணொளி ஏற்றி, ஸ்க்ரோலும் அனுப்பும் நிலையில் சரிபார்க்க நேரம் எங்கிருந்து வரும்? செலவைக் குறைத்தவர்கள்தான் முதலில் பொறுப்பேற்க வேண்டும்.

செய்ய வேண்டியவை நடைமுறைக்கு எட்டாதவை அல்ல. ஒவ்வொரு நாளிதழும் புகார் எண்ணையும் பொறுப்பாளரின் பெயரையும் படிக்கும் அளவிலான எழுத்தில் அச்சிடட்டும். தவறு எந்தப் பக்கத்தில் வந்ததோ அந்தப் பக்கத்திலேயே திருத்தம் வரட்டும். தொலைக்காட்சி அதே செய்தி நேரத்தில் வாய்விட்டுத் திருத்தம் சொல்லட்டும். இணையப் பக்கத்தின் தலைப்பில் என்ன மாற்றப்பட்டது, எப்போது என்ற குறிப்பு இருக்கட்டும். ஒளிபரப்பு நிறுவனங்கள் புகாருக்கு 15 நாட்களில் பதில் தர வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு கேபிள் விதிகள் சொல்கின்றன. பார்வையாளர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? அதைத் திரையில் சொல்வதற்கு ஒரு செலவும் இல்லை. வாசகர்களும் பொத்தாம் பொதுவாகத் திட்டுவதை விட்டு, தேதி, பக்கம், வரி, ஆதாரம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுதப் பழக வேண்டும்.

மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அமைச்சரையும் ஆட்சியரையும் தட்டிக் கேட்பதே இதழியலின் தொழில். அந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி, தன்னிடம் கேட்கப்படும் கேள்விக்குப் பதில் சொல்பவருக்கே உண்டு. திருத்தம் என்பது ஆசிரியர் மனமிரங்கி வழங்கும் சலுகையாக இருக்கும்வரை செய்தியின் மீதான நம்பிக்கை தேய்ந்துகொண்டேதான் இருக்கும். அதை வாசகரின் உரிமையாக ஏற்று நடக்கும் நாளிதழும் தொலைக்காட்சியும் இழந்த மதிப்பை மீட்டெடுக்கும்.