ஆங்கில வகுப்பில் எதை ஒளித்து வைப்பது?

ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கில எழுத்தாளர் சாகியின் ‘திறந்த ஜன்னல்’ சிறுகதையை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனேன். முடிவு இருக்கும் பகுதியை மட்டும் கத்தரித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். நரம்புக் கோளாறுக்கு ஓய்வு தேடிக் கிராமத்துக்கு வந்த ஒருவர், முன்பின் தெரியாத வீட்டுக்குப் போகிறார். வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கி வரும்வரை அவருக்குப் பேச்சுத் துணை 15 வயதுப் பெண் ஒருத்தி. மூன்று வருஷத்துக்கு முன் இதே நாளில் அத்தையின் கணவரும் தம்பிமார் இருவரும் வேட்டைக்குப் போய்ச் சதுப்பு நிலத்தில் மூழ்கிப்போனார்கள், உடல்கூடக் கிடைக்கவில்லை, என்றாவது வருவார்கள் என்றுதான் அத்தை அந்த ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறாள் என்கிறாள் அவள். அந்தி மங்கும் நேரத்தில் புல்வெளியில் மூன்று உருவங்கள் நடந்து வருகின்றன, கூடவே ஒரு நாய். மனிதர் தொப்பியையும் கைத்தடியையும் வாரிக்கொண்டு ஓடுகிறார். அங்கே நிறுத்தினேன்.

வகுப்பில் பெரும்பாலோர் பேய்க் கட்சி. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், “அவ சும்மா கதை விடுதா, மிஸ்” என்றான். எப்படித் தெரியும் என்று கேட்டேன். தாளில் விரலை வைத்துக் காட்டினான். “இந்த ஊர்ல யாரையும் தெரியுமான்னு முதல்ல கேட்டுக்கிடுதா பாருங்க. தெரியாதுன்ன பிறகுதான் ஆரம்பிக்கா.”

பல்கலைக்கழகத்தில் நுண்வாசிப்பு என்று ஒரு முழு செமஸ்டர் நடத்துகிறார்களே, அந்தப் பையன் செய்தது அதைத்தான். அவனை அந்த வரிக்குத் திரும்பிப் போக வைத்தது என் கைப்பைக்குள் இருந்த துண்டுத்தாள். பாடநூலில் உள்ள கதையாக இருந்திருந்தால் கைடு முதல் பத்தியிலேயே முடிவைப் போட்டு உடைத்திருக்கும். (ஓடிப்போன மனிதருக்குக் கங்கைக் கரைக் கல்லறை ஒன்றில் நாய்களால் வந்த பயம் என்று அந்தப் பெண் கடைசியில் இன்னொரு கதை அவிழ்ப்பாள். கங்கை என்றதும் வகுப்பே சிரித்தது. சாகி 1870இல் பர்மாவில் பிறந்தவர் என்பதைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது.)

பதின்ம வயதினருக்கு ஆங்கில இலக்கியமும் எழுத்தும் கற்பிக்கப் போன நூறாண்டில் பலர் பல உத்திகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவற்றைப் படித்தும், சிலவற்றை வகுப்பில் போட்டுப் பார்த்தும் எனக்குப் பட்டது இதுதான்: உருப்படியான உத்திகளில் பெரும்பாலானவை எதையோ ஒளித்து வைக்கின்றன. ஆசிரியர் பெயர், முடிவு, நேரம், சிவப்பு மை என்று ஒளிக்கும் பொருள்தான் மாறுகிறது.

நம் வகுப்பறைக்கு இதற்கு நேர்மாறான பழக்கம். இலக்கியம் என்றால் விளக்குவது, விளக்கியதை எழுதி வாங்குவது. இந்தப் பழக்கத்தின் வேர் ஆழமானது. ஆங்கில இலக்கியம் ஒரு பாடமாக இங்கிலாந்தில் நிலைபெறும் முன்பே காலனிய இந்தியாவில் வேரூன்றிவிட்டது என்று கௌரி விஸ்வநாதன் 1989இல் வெளியான ‘மாஸ்க்ஸ் ஆஃப் கான்க்வெஸ்ட்’ நூலில் காட்டினார். இந்தியாவில் ஆங்கிலக் கல்வியை வலியுறுத்திய மெக்காலேயின் குறிப்பு 1835இல் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலத்துக்குத் தனிப் பட்டப்பிரிவு 1894இல், கேம்பிரிட்ஜில் 1917இல்தான். இந்தியர்களைத் திருத்துவதற்கென்று கொண்டுவந்த பாடத்தில் பொருளை அவர்களே தேடட்டும் என்று விடுவார்களா?

பெயரை ஒளித்தவர் கேம்பிரிட்ஜில் கற்பித்த ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ். எழுதியவர் யார், எந்தக் காலம் என்ற விவரம் எதுவுமில்லாமல் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, தோன்றுவதை எழுதிவரச் சொன்னார். 13 கவிதைகள். ஜான் டன்னின் கவிதையும் டி. எச். லாரன்ஸின் கவிதையும் அடி வாங்கின. பெயர் தெரிந்திருந்தால் கைகூப்பியிருக்கக்கூடியவர்கள் பெயர் தெரியாததால் உதறித் தள்ளினார்கள். 1929இல் இதை அவர் ‘பிராக்டிகல் கிரிட்டிசிசம்’ என்று நூலாக்கினார். அவரிடம் எழுதியவர்கள் கல்லூரி மாணவர்கள் என்றாலும் இந்த உத்தி 14 வயதிலும் பலிக்கும். ஒரு பெரும் புலவரின் பாட்டையும் வாழ்த்து அட்டைப் பாட்டையும் பெயரில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாழ்த்து அட்டை ஜெயிக்கும் நாளும் உண்டு, அன்றைக்கு ஆசிரியர் முகத்தைச் சுளிக்கக் கூடாது. அதுதான் கஷ்டம்.

எழுத்துக்கு வந்தால், 1960களில் பிபிசி பள்ளி ஒலிபரப்பில் டெட் ஹியூஸ் பேசிய உரைகளைத்தான் நான் முதலில் சொல்வேன். அவை 1967இல் ‘பொயட்ரி இன் தி மேக்கிங்’ ஆயின. சிறுவயதில் விலங்குகளைப் பிடித்து வளர்த்த அவருக்குக் கவிதை எழுதுவதும் உயிருள்ள ஒன்றைப் பிடிப்பதுதான். எழுதப்போகும் பொருளையே கண்ணெடுக்காமல் பார், சொல் தானே வரும் என்பது அவர் கட்சி. இவ்வளவு சொன்ன கவிஞர் ஆசிரியர்களுக்குக் கொடுத்த யோசனை கறாரானது: ஒரு பக்கம், பத்து நிமிஷம், அவ்வளவுதான். நேரத்தை ஒளித்துவிட்டால் பிள்ளைகளுக்கு அலங்காரம் தேட அவகாசம் இருக்காது. ‘இயற்கை அன்னை’யும் ‘விஞ்ஞான உலக’மும் எட்டிப் பார்க்கும் முன் மணி அடித்துவிடும்.

அமெரிக்காவில் கவிஞர் கென்னத் கோச் 1968இல் நியூயார்க் மன்ஹாட்டனில் ஓர் அரசுப் பள்ளிக்குப் போனார். அவர் ஒளித்தது யாப்பையும் எதுகையையும். எதுகைக்காகப் பிள்ளைகள் பொய் எழுதுகிறார்கள் என்பது அவர் கண்டது. பதிலுக்கு ஒரே ஒரு விதி: ஒவ்வொரு வரியும் ‘நான் விரும்புகிறேன்’ என்று தொடங்க வேண்டும், வரிக்குள் ஒரு நிறமும் ஓர் ஊரும் ஒரு காமிக்ஸ் பாத்திரமும் வர வேண்டும். இன்னொரு நாள், ‘முன்பு நான் இப்படி, இப்போது அப்படி’. 1970இல் வந்த ‘விஷஸ், லைஸ், அண்ட் ட்ரீம்ஸ்’ நூலில் அந்தப் பிள்ளைகளின் கவிதைகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அவர்கள் தொடக்கப்பள்ளிக் குழந்தைகள். பதினாலு வயசுக்காரர்களிடம் அப்படியே கொண்டுபோனால் “குழந்தப் புள்ளைங்க வேலை” என்று ஒதுக்கிவிடுவார்கள்.

விதி ஒன்றைக் கொடுத்துப் பாடச் சொல்வது நமக்குப் புதிதும் இல்லை. ஈற்றடியைக் கொடுத்துவிட்டு வெண்பாவை முடி என்பது நம் பழைய வழக்கம். கொடுத்த அடி எவ்வளவுக்கு எவ்வளவு ஏடாகூடமோ அவ்வளவுக்குக் கவிராயருக்கு உற்சாகம். தமிழ் வகுப்பில் இதை எப்போது கைவிட்டோம் என்று எனக்கு வருத்தம் உண்டு.

பதின்ம வயதுக்குக் கோச்சின் அடுத்த நூலில் ஒரு சரக்கு இருக்கிறது. வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸின் குட்டிக் கவிதை ஒன்று: ஐஸ்பெட்டியில் வைத்திருந்த பிளம் பழங்களைத் தின்றுவிட்டு எழுதிவைத்த மன்னிப்புச் சீட்டு. மன்னிப்பு கேட்கிற சாக்கில் பழத்தின் ருசியைப் பற்றிப் பேசிவிடுகிறது. உள்ளுக்குள் சந்தோஷப்படும் ஒரு தப்புக்கு மன்னிப்பு எழுதுங்கள் என்றார் கோச். இதை எங்கள் வகுப்பில் போட்டபோது வந்தவற்றுள் எனக்குப் பிடித்தது, பாட்டி தீபாவளிக்கென்று பரணில் ஏற்றிவைத்த அதிரசத்துக்கான மன்னிப்பு. எட்டே வரி, இலக்கணப் பிழை நாலு. அதிரசத்தின் ஓரம் மொறுமொறுவென்றும் நடு மெத்தென்றும் இருந்ததை எழுதிய வரியில் மட்டும் பிழையே இல்லை. கவனம் போன இடத்துக்கு இலக்கணமும் போயிருந்தது.

ஷேக்ஸ்பியர் தனிக் கதை. கேம்பிரிட்ஜில் ரெக்ஸ் கிப்சன் 1986இல் தொடங்கிய ‘ஷேக்ஸ்பியரும் பள்ளிகளும்’ திட்டம் ஒளித்தது உரையை, கூடவே மேசையை. அருஞ்சொற்பொருளோடு ஆரம்பிக்காதே, வாயில் போட்டு மென்று பார், எழுந்து நில், நட என்றார் கிப்சன். ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் பல்லாண்டு குரல் பயிற்சி நடத்திய சிசிலி பெர்ரி நடிகர்களுக்குக் கொடுத்த ஒரு பயிற்சி பள்ளிக்கும் வந்து சேர்ந்தது. வசனத்தைப் படித்துக்கொண்டே நடக்க வேண்டும். கமா, முற்றுப்புள்ளி, எந்தக் குறி வந்தாலும் சட்டென்று திசை மாற வேண்டும். அரசனைக் கொல்வதா வேண்டாமா என்று மக்பெத் தனியே குமையும் பேச்சை இப்படி நடந்து பாருங்கள். நாலு எட்டுக்கு ஒரு திருப்பம். பெஞ்சில் இடித்துக்கொண்டு, எதிரே வருகிறவர்மேல் மோதிக்கொண்டு, அரைப் பக்கத்துக்குள் தலை சுற்றும். அவன் மனம் எப்படி இருக்கிறது என்ற ஐந்து மார்க் கேள்விக்குப் பதில் காலுக்குத் தெரிந்துவிடும்.

ரோமியோவும் ஜூலியட்டும் முதன்முதலில் பேசிக்கொள்ளும் 14 வரிகள் சேர்ந்து ஒரு சானெட். இதையும் முன்கூட்டிச் சொல்லாமல் இருவரை வாசிக்க விட்டு, மற்றவர்களைக் காதால் எதுகையை எண்ணச் சொல்லலாம். நடுவில் யாராவது “ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே பாட்டைப் பாடுறாங்க” என்று கண்டுபிடித்துவிட்டால் அன்றைய பாடம் முடிந்தது.

சிவப்பு மையை ஒளித்தவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் பத்து நிமிஷம் எதையாவது எழுது, யாரும் திருத்தப்போவதில்லை என்றார் பீட்டர் எல்போ (1973). தலைப்பையும் படிக்கும் புத்தகத்தையும் மாணவர்களே தேர்ந்தெடுக்க விட்டார் மேய்ன் மாநிலத்து ஆசிரியை நான்சி ஆட்வெல். அவருடைய ‘இன் தி மிடில்’ 1987இல் வந்தது, 2015இல் உலக ஆசிரியர் பரிசு முதன்முதலாக வழங்கப்பட்டபோது அவருக்கே போனது. இவற்றைவிட என்னைத் தைத்தது 1974இல் பெர்க்லியில் ஜேம்ஸ் கிரே தொடங்கிய எழுத்துத் திட்டம்தான். எழுதச் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர் முதலில் தானே எழுத வேண்டும் என்பது அதன் அடிப்படை. மன்னிப்புக் கவிதை வகுப்பில் நானும் கரும்பலகையில் எழுதினேன். மூன்று முறை அடித்தேன். என் வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

இந்த ஒளித்தல் கணக்குக்கு அடங்காத ஒன்றும் உண்டு. 1971இல் கிழக்கு லண்டனின் ஸ்டெப்னியில் கிறிஸ் சியர்ல் என்ற இளம் ஆசிரியர், அந்த வட்டாரத்தையே படம்பிடித்த புகைப்படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டி, உங்கள் தெருவை எழுதுங்கள் என்றார். தனிமை, அழுக்கு, முதுமை என்று எழுதினார்கள். நூலாக்கக் கூடாது, ரொம்பச் சோகமாக இருக்கிறது என்றது நிர்வாகம். அவர் ‘ஸ்டெப்னி வேர்ட்ஸ்’ என்று அச்சிட்டார். வேலை போனது. நூற்றுக்கணக்கான மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்துத் தெருவில் இறங்கினார்கள், பின்னர் அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அங்கே எதையும் யாரும் ஒளிக்கவில்லை, ஒளித்துத்தான் வைக்க வேண்டும் என்று நினைத்தவர்களிடமிருந்து வெளியே எடுத்தார்கள். எழுதியதை ஊர் படிக்கப்போகிறது என்று தெரிந்தால் பிள்ளைகள் எழுதும் விதமே வேறு.

தேர்வுக்கும் ஒளிக்கத் தெரியும், தப்பான பொருளை. இங்கிலாந்தில் மாற்றியமைத்த ஜிசிஎஸ்இ இலக்கியத் தேர்வு 2017இல் முதன்முதலாக நடந்தபோது புத்தகத்தையே ஒளித்துவிட்டது. ஷேக்ஸ்பியர் நாடகம், 19ஆம் நூற்றாண்டு நாவல், கவிதைகள், நவீன நாடகமோ நாவலோ, எதையும் அறைக்குள் கொண்டுபோக முடியாது. மேற்கோளை மனப்பாடம் செய்து, கருத்து, சான்று, விளக்கம் என்ற வாய்ப்பாட்டில் பத்தியை நிரப்புகிறார்கள். நம்மூர் மெமரி போயத்தின் ஒன்றுவிட்ட சகோதரன்.

அந்தத் தேர்வுக்குப் பள்ளிகள் அதிகம் எடுப்பது ஜே. பி. பிரீஸ்ட்லி 1945இல் எழுதிய ‘ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்’. கதை 1912இல் நடக்கிறது. தற்கொலை செய்துகொண்ட ஈவா ஸ்மித் மேடைக்கே வருவதில்லை. இன்ஸ்பெக்டர் புகைப்படத்தை ஒரு சமயத்தில் ஒருவருக்குத்தான் காட்டுகிறார், எல்லோரும் பார்த்தது ஒரே பெண்ணின் படம்தானா என்பதே கேள்விக்குறியாகிறது. மாணவர்களைப் பாத்திரங்களாகக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய இதைவிடத் தோதான நாடகம் இல்லை. குற்றவாளி தகப்பனா, மகனா என்று இதையும் பட்டிமன்றமாக்கி நடுவர் தீர்ப்போடு முடித்துவிடும் ஆசை நமக்கு வரும். நாடகம் தீர்ப்பை வைத்துக்கொண்டு விளையாடுகிறது, நடுவர் வந்தால் விளையாட்டு போச்சு.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் வீட்டில் எழுதி வரும் கட்டுரையை வைத்து ஒன்றும் சொல்ல முடிவதில்லை. சாகியின் முடிவைக் கத்தரித்தால் போனில் மூன்று நொடியில் கிடைக்கும். அதனால் என் துண்டுத்தாள் வேலையெல்லாம் இப்போது 40 நிமிஷப் பீரியடுக்குள் முடிய வேண்டியிருக்கிறது, பேனா, தாள், வாய்ப்பேச்சு இவற்றோடு.

போன டிசம்பரில் மன்னிப்புக் கவிதையை மறுபடி கொடுத்தேன். அரையாண்டுத் தேர்வில் மெமரி போயத்தைக் கோட்டைவிட்ட பெண் ஒருத்தி அந்தக் கவிதைக்கே மன்னிப்பு எழுதியிருந்தாள். மூன்றாவது வரி வரைக்கும் ஞாபகம் இருந்ததாம். அதற்குமேல் யோசித்தபோது ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் ஓர் அணில் தலைகீழாக இறங்கிக்கொண்டிருந்ததாம், கால் வழுக்காமல் எப்படி இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டாளாம். கீழே பென்சிலால் ஒரு கேள்வி: “மிஸ், அணிலுக்குப் பின்னங்கால் பின்பக்கமாத் திரும்புமா?”